அந்தக் கூரை யாருடையது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சந்தேகக்காரிதான். மீன்காரன் தராசைத் தூக்கினால் அவனுடைய சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். மருமகன் ஜுனைட் சிரித்துக்கொண்டு வந்தால் என்ன கேட்கப் போகிறான் என்று யோசிப்பேன். "றம்ஸியாக்கிட்ட வானத்தில இருந்து மலக்கு வந்தாலும் ஐடென்டிட்டி காட் கேப்பா" என்று என் கணவர் முகம்மது தம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிவார். கேட்டால் என்ன தப்பு? இந்தக் காலத்தில் யாரை நம்புவது?

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் பெண்ணுக்கு வீடு வேண்டும். ஒரு மகள் என்றால் ஒரு வீடு, இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு. சொல்ல இலகு, கட்டி முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். நாங்கள் இருந்த வீட்டை மூத்தவள் றுஸ்தாவுக்கு எழுதிக் கொடுத்து ஜுனைட்டைக் கொண்டுவந்தோம். நானும் கணவரும் இளையவள் அஸ்பியாவும் பின்பக்கத்து இரண்டு அறைக்குள் ஒதுங்கினோம். இளையவளுக்கு மேலே மாடி கட்டலாம் என்று ஓட்டைக் கழற்றிக் கூரைக்குக் கொங்கிறீட் பிளேட் போட்டோம். தூண்களுக்குக் கம்பியையும் நீட்டி விட்டோம். அது பதினொரு வருசத்துக்கு முந்தி. வரிப்பத்தான்சேனையில் இருக்கிற மூன்று ஏக்கர் வயல் ஒரு போகம் வெள்ளத்தில் போகும், மறுபோகம் தண்ணீரில்லாமல் போகும். மாடி எங்கே எழும்புவது? கம்பிகள் மட்டும் நின்றன. துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து வைத்தோம். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, கல்முனைக்குடியில் எந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தாலும் கம்பியும் போத்தலும்தான்.

அஸ்பியாவுக்கு இருபத்தெட்டு வயது. பஜாரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். வந்த சம்பந்தமெல்லாம் வீட்டைக் கேட்டுத் திரும்பிப் போயிருந்தன. கடைசியாகப் பக்கத்து ஊர் சாய்ந்தமருதிலிருந்து ஒன்று வந்தது. மாப்பிள்ளை ஹாதிக், கணித ஆசிரியர், நல்ல பெடியன். அவனுடைய உம்மா ஜெனூபா போனில் கதைத்தார். வீடு எப்படி என்று கேட்டார். "மேல் மாடி ஆறு மாசத்துல முடிஞ்சிரும், இன்ஷா அல்லாஹ்" என்றேன். இன்ஷா அல்லாஹ் சேர்த்தால் பொய் பாதியாகக் குறையும் என்று எனக்கொரு அசட்டு நம்பிக்கை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து பார்க்கிறோம் என்றார். சும்மா இருந்த நாக்கு, இப்படித்தான் தொடங்கியது.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் அந்தப் பதிவு வந்தது.

'கரவாகுக் கதைப்பேச்சு' என்று முகநூலில் எங்கள் ஊராக்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. அதில் பாதி யார் இறந்தார் என்ற மௌத்து அறிவித்தல், மீதி ஆட்டோ விற்பனை. யாராவது நல்ல விசயம் எழுதினால் நாலு பேர் மாஷா அல்லாஹ் போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்குப் பெயர் போடாத யாரோ ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். கொங்கிறீட் பிளேட், நாலைந்து கம்பி, தலையில் போத்தல், ஒரு கம்பியில் காகம். கீழே இப்படி எழுதியிருந்தது:

"மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்தாயிற்று. இளையவளுக்கு மாடி கட்டித் தருவதாகச் சொல்லி மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மாடி வராது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வருகிற மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியாது. இந்தக் கலியாணம் சரியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும், சந்தோசமாகவும் இருந்தது. பக்கத்து வீட்டு ஷாஹினாவின் பிளேட்தான் இது என்று முடிவு கட்டினேன். அவளுக்கும் இரண்டு பெண். இளையவள் பஸ்மினாவுக்கு மாடி கட்டுகிறோம் என்று அவளும்தான் ஏழு வருசமாக அளக்கிறாள். போன நோன்புப் பெருநாளைக்கு என் கண்முன்னால் "எங்கட மேல் வீட்டுக்கு டைல்ஸ் பாக்கப் போறம்" என்றவள். மாட்டிக்கொண்டாயா கள்ளி என்று நினைத்தேன்.

என்னிடம் 'நிலாப்பெண்' என்று ஒரு பொய்ப் பெயர்க் கணக்கு இருந்தது. ஊர்ப் பெண்கள் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பதுதான். அதில் போய் எழுதினேன்:

"வீடில்லாத குமரும் விற்காத மீனும் ஒன்று. பொழுதுபட்டால் நாறும்."

எழுதி முடித்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். எனக்கே பிடித்திருந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஏதோ காலாகாலத்துப் பழமொழி மாதிரி விழுந்தது. போனை வைத்துவிட்டுக் கறிக்குத் தேங்காய் துருவப் போனேன்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் என் வரிக்குக் கீழே ஊரே திரண்டு நிற்கிறது. ஒருவன் "சரியான கதை" என்கிறான், இன்னொருவன் "நீ பெண்ணா பேயா" என்கிறான். மௌலவி ஒருவர் மார்க்கத்தில் பெண்ணுக்கு மஹர் மாப்பிள்ளை கொடுக்க வேண்டியது என்று பந்தி பந்தியாக எழுதுகிறார். கட்டாரிலிருந்து ஒருவன் "நான் வீடில்லாமல் முடிக்க ரெடி" என்கிறான். கொமென்ட் இருநூறைத் தாண்டிவிட்டது. என் வரிக்கு மட்டும் நானூறு லைக். வாழ்க்கையில் என் சமையலுக்குக்கூட இத்தனை பேர் நல்லது சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை அஸ்பியா வேலைக்குப் போகவில்லை. தலையிடி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இஞ்சி தட்டிப் போட்டுப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். ஒரு கையில் கோப்பை, மறுகையில் போன். லைக் அறுநூறு ஆகியிருந்தது.

புதன்கிழமை காலையில் றுஸ்தா வந்தாள். முகம் வெளுத்திருந்தது. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"உம்மா, இஞ்ச பாருங்க. இந்த மூலையில கெடக்கிற நீல வாளி எங்கடதானே? பிடி உடைஞ்ச வாளி."

பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வாளிதான். எங்கள் பிளேட், எங்கள் கம்பி, எங்கள் போத்தல்! வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதார் வருகிறார்கள், இங்கே ஊர் முழுக்க எங்கள் கூரையை ஏலம் போடுகிறது. ஜெனூபா இதைப் பார்த்தால் கதை முடிந்தது. என் பிள்ளைக்கு இனியொரு சம்பந்தம் எங்கிருந்து வரும்?

யார் செய்தது? ஷாஹினாதான். வேறு யார்? பஸ்மினாவுக்கு ஒன்றும் சரிவரவில்லை, அஸ்பியாவுக்குச் சரிவருகிறதே என்ற எரிச்சல். சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போனேன்.

வேலிக் கடப்பைத் திறக்கும்போதே அவள் உள்ளேயிருந்து கத்திக்கொண்டு வந்தாள்.

"வாகா, வா! ஒன்னத் தேடித்தான் வர இருந்தன். எங்கட பிளேட்டப் படம் புடிச்சுப் போட ஒனக்கு என்னகா வயித்தெரிச்சல்?"

"ஆருட பிளேட்? எங்கட பிளேட்ட நீ போட்டுட்டு என்னையே கேக்கிறியா?"

"ஒங்கடயா? அந்த நீல வாளி ஆருட?"

"எங்கட வாளி!"

"எங்கட வாளிகா! வந்து பாரு!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு ஏணியில் ஏற்றினாள். மேலே கம்பி நின்றது, போத்தல் நின்றது, மூலையில் நீல வாளி கிடந்தது. அதற்கும் பிடி உடைந்திருந்தது. எப்படி உடையாமல் இருக்கும்? இரண்டு வருசத்துக்கு முந்தி லொறியில் கொண்டுவந்து நூற்றைம்பதுக்கு மூன்று என்று கூவி விற்றானே ஒருவன், தெருவே வாங்கியது. எல்லா வாளிக்கும் மூன்று மாதத்தில் பிடி கழன்றது.

இரண்டு பேரும் அந்த வெயிலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் அவளை நம்பவில்லை, அவளும் என்னை நம்பவில்லை. "அல்லா அறிவான்" என்றாள். "ஓம், அல்லா அறிவான்" என்று நானும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வியாழக்கிழமை பஜாருக்குப் போனேன். குரூப்பின் அட்மின் ஷிப்லி அங்கே போன் கடை வைத்திருக்கிறான். பெயர் போடாமல் எழுதினாலும் அட்மினுக்குப் பெயர் தெரியும் என்று ஜுனைட் சொல்லியிருந்தான். அதை ஏன் அவன் இத்தனை ஆர்வமாகச் சொன்னான் என்பதையும் குறித்து வைத்திருந்தேன். மாடி எழும்பினால் தன் தலைக்கு மேலே இன்னொரு மாப்பிள்ளை வருவானே என்று அவனுக்கும் இருக்காதா? தண்ணீர்த் தாங்கி கழுவ அடிக்கடி மேலே ஏறுகிறவனும் அவன்தான்.

ஷிப்லி என்னைக் கண்டதும் கதிரையைத் தள்ளிப் போட்டான்.

"இரிங்க மாமி. நீங்களும் கூரை விசயம்தானே?"

"நீங்களுமெண்டா?"

"திங்கக்கிழமையிலிருந்து பதினாலு பேர் வந்திட்டாங்க. எல்லாரும் எங்கட கூரை எங்கிறாங்க. மருதமுனையில இருந்தும் ரெண்டு பேர் வந்தாங்க. நற்பிட்டிமுனையில ஒரு ஆள் போன்ல அழுதாரு."

பொய் சொல்கிறானோ என்று கண்ணைப் பார்த்தேன். பொய் மாதிரித் தெரியவில்லை. "ஆர் போட்டதெண்டு சொல்லு தம்பி. குமர்ப்புள்ளட வாழ்க்க" என்றேன்.

"அது நம்பித் தந்த அமானிதம் மாமி. சொல்ல ஒண்ணா." கையை நெஞ்சில் வைத்துச் சொன்னான். ஆனால் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "ஆறு வருசமா இந்தக் குரூப்ப நடத்துறன். டெங்குக்கு எழுதினன், குப்பைக்கு எழுதினன். ஏழு லைக், எட்டு லைக். இதுக்கு ரெண்டாயிரம் கொமென்ட் மாமி! ஏன் தெரியுமா? பேர் இருந்திருந்தா அது ஒரு வீட்டுப் பிரச்சின. பாத்து, பாவம் எண்டுட்டுப் போயிருவாங்க. பேர் இல்ல எண்டதால எல்லாரும் வந்து தங்கட கூரையத் தேடுறாங்க. மத்தாக்கள்ட கூரையாயிருக்கக் கூடாதா எண்டும் பாக்கிறாங்க."

ஷாஹினாவின் பிளேட் என்று நான் சந்தோசப்பட்டது ஞாபகம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அதுவும் தொடக்கத்தில ஒண்டும் இல்ல" என்றான். "ரெண்டு மணித்தியாலத்தில பதினொரு கொமென்ட். எல்லாம் நல்ல கதை. உண்மையச் சொல்லிருங்க தங்கச்சி, அல்லாஹ் நல்லவழி காட்டுவான் எண்டு. அப்பிடியே அடங்கிப் போயிருக்கும். மறுகா அந்த மீன் கொமென்ட் விழுந்திச்சி பாருங்க! ஒருத்தருக்கும் கோவம் வராம ஒரு கதையும் ஓடாது மாமி. அந்த நிலாப்பெண் ஆருண்டு தெரிஞ்சா ஒரு போன் கவர் சும்மா குடுப்பன்."

"தெரியாதா ஒனக்கு?"

"பொய்க் கணக்கு. எப்பிடித் தெரியும்?"

ஆட்டோவில் திரும்பும்போது அந்தப் பதினொன்றையும் தேடி வாசித்தேன். நல்ல வார்த்தைகள்தான். பன்னிரண்டாவது என்னுடையது. அதற்குப் பிறகு ஒரு நல்ல வார்த்தையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் ஜுனைட்டை நான் விடவில்லை. அந்தப் படம் பிளேட்டில் நின்று எடுத்தது, எங்கள் பிளேட்டானால் ஏறியவன் அவன்தான். அன்று அஸர் நேரம் மேலே சத்தம் கேட்டது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினேன்.

மேலே அஸ்பியா நின்றாள். கம்பிக்குக் கம்பி கட்டியிருந்த கயிற்றில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான் இஞ்ச வந்தவனா?" என்றேன்.

"இல்ல. ஏன்?"

"அவன்தான் படம் புடிச்சுப் போட்டிருக்கான். எனக்குத் தெரியும்."

அவள் கையிலிருந்த துவாயை மடித்து வாளிக்குள் வைத்தாள். பிடி உடைந்த நீல வாளிக்குள்.

"மச்சான் இல்ல உம்மா. நான்தான்."

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பைத்தியமா உனக்கு, உன் தலையில் நீயே மண் அள்ளிப் போடுகிறாயா, நாளைக்கு வருகிறவர்களுக்கு நான் எந்த முகத்தைக் காட்டுவேன். நான் முடிக்கும் வரைக்கும் அவள் கயிற்றிலிருந்த உடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசத்தில மாடி எங்க எண்டு கேப்பாங்க உம்மா. அப்ப நான் அவரோட வாழ்ந்துக்கிட்டு இருப்பன். பதில் சொல்றது நீங்க இல்ல, நான். வாழ்நாளைக்கும் நான்தான் சொல்லணும்." கடைசி உடுப்பையும் வாளிக்குள் வைத்தாள். "உங்கக்கிட்ட மூணு தரம் சொன்னன், உண்மையச் சொல்லிருவம் எண்டு. பேசாம இரு எண்டீங்க. அதான் ஊர்க்கிட்ட கேட்டன். ஒராளாவது நல்லவிதமாச் சொன்னா உங்களுக்குக் காட்டலாம் எண்டு நெனச்சன்."

"சொன்னாங்களா?"

"சொன்னாங்க. வீடில்லாம முடிக்க ரெடி எண்டு முப்பத்தொரு ஆம்பிளைகள் எழுதினாங்க. முப்பத்தொரு பேருக்கும் தனியா எழுதிக் கேட்டன், உண்மையாத்தானா எண்டு. ஒராளும் மறுகா கதைக்கல்ல." கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அது போகட்டும். அந்த மீன் கதை இருக்கே உம்மா. அத வாசிச்சுப்போட்டுத்தான் செவ்வாய்க்கிழமை எழும்ப ஏலாமப் படுத்திருந்தன். நீங்க இஞ்சித் தேத்தண்ணி தந்தீங்களே, அண்டைக்கு."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அத எழுதினவட வீட்டிலயும் ஒரு குமர் இருந்தா இப்பிடி எழுதியிருப்பாவா உம்மா?"

"ஆரோ வாய்க்கொழுப்பெடுத்தவ" என்றேன். என் வாய்தான் சொன்னது. இரண்டு நாளாக ஊர் முழுக்கக் கள்ளனைத் தேடித் திரிந்தவள், கள்ளி என்று தெரிந்த ஒருத்தியை அங்கேயே ஒளித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதார் வந்தார்கள். ஜெனூபாவும் அவருடைய தங்கச்சியும். நல்ல மனுசிதான், சும்மா சொல்லக் கூடாது. அஸ்பியாவைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினார். வட்டிலாப்பத்தை ருசி பார்த்து, யார் கைப்பக்குவம் என்று கேட்டார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு மெல்லக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப ஊரெல்லாம் ஒரே கூரைக் கதைதானே. பாத்தீங்களா?"

"கேள்விப்பட்டன்" என்றேன்.

"பொய் சொல்லிப் பொண்ணு குடுக்கிற வீட்டுக்கு ஒரு பொம்புள நல்லா எழுதியிருந்தா. எங்கட வீட்டில எல்லாருக்கும் அது மனப்பாடம். வீடில்லாத குமரும் விக்காத மீனும் ஒண்டு எண்டு." தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தார். "பொழுதுபட்டா நாறும் எண்டு. என்ன சரியான கதை! நல்ல காலம், நாங்க மானமான ஒரு இடத்துக்கு வந்திருக்கம். மேல் வேலை எவ்வளவுல நிக்கிது? ஏறிப் பாப்பமா?"

அஸ்பியா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நான் இன்னொரு இன்ஷா அல்லாஹ் சொல்லித் தப்பியிருப்பேனோ என்னவோ. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என் பிள்ளை, என் வார்த்தையைக் கேட்டு, என் வீட்டுக்குள்ளேயே, வந்தவர்களுக்கு முன்னால் தலை குனிந்து நிற்கிறாள்.

"ஏறத் தேவையில்ல" என்றேன். "மேல ஒண்டும் இல்ல. கம்பிதான் நிக்கிது. பதினொரு வருசமா நிக்கிது. ஆறு மாசத்தில முடியாது, ஆறு வருசத்திலயும் முடியுமெண்டு சொல்ல எனக்கு வாயில்ல. அந்தப் படம் எங்கட கூரை."

ஜெனூபாவின் கரண்டி பாதியில் நின்றது.

"அந்த மீன் கதைய எழுதினதும் நான்தான். மத்தாக்கள்ட புள்ளையெண்டு நெனச்சு எழுதினன். என்ட புள்ளைக்குத்தான் விழுந்திச்சி."

பள்ளிவாசலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஜெனூபா வட்டிலாப்பத்தை மீதி வைக்காமல் சாப்பிட்டு முடித்தார், அது அவருடைய மரியாதை. எழும்பினார். "மகனோட கதைச்சுச் சொல்றம்" என்றார். வாசலில் அஸ்பியாவின் கையை ஒரு தடவை பிடித்து விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இன்றைக்கும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். பதினேழு நாள் ஆகிறது. ஆம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் சொந்தப் பெயரில், என் சொந்தப் படம் போட்ட கணக்கில், அந்தப் பதிவுக்குக் கீழே எழுதினேன். "இது எங்கள் வீட்டுக் கூரை. மாடி கட்ட எங்களால் முடியவில்லை. பொய் சொன்னது நான், என் மகளில்லை. நிலாப்பெண் என்ற பெயரில் மீன் கதை எழுதியதும் நான்தான். மன்னிப்புக் கேட்கிறேன். றம்ஸியா, கல்முனைக்குடி."

எழுதிவிட்டு, வரப்போகிற ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த இடம் மௌத்து வீடு மாதிரி அடங்கிப் போனது. கோபித்தவனுமில்லை, பாவம் சொன்னவனுமில்லை. கட்டார்க்காரனையும் காணவில்லை. மறுநாள் ஷிப்லி போன் எடுத்தான்.

"என்ன மாமி இப்பிடிச் செஞ்சிட்டீங்க? நல்லா ஓடிக்கிட்டு இருந்திச்சி. நீங்க பேர் போட்டதோட சரி, ஒருத்தரும் இந்தப் பக்கம் வாறாங்கல்ல."

"ஒன்ட போன் கவரக் கொண்டுவந்து தா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு கொமென்ட் வந்தது. ஷாஹினா. அவளும் சொந்தப் பெயரில்தான். "எங்கட வீட்டிலயும் கம்பிதான். பஸ்மினாவுக்கும் வீடில்ல." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அன்று பின்னேரம் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் இறால் சுண்டல் நீட்டினாள். நான் முகர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

அஸ்பியா வேலைக்குப் போகிறாள், வருகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கோபமில்லை என்கிறாள். நான் எழுதியதை அவள் வாசித்துவிட்டாள் என்று றுஸ்தா சொன்னாள். தினமும் சுபஹு தொழுத கையோடு நான் போனை எடுத்துப் பார்க்கிறேன். என் மன்னிப்புக்கு இரண்டு லைக் இருக்கிறது. ஒன்று ஷிப்லி, மற்றது ஷாஹினா. மூன்றாவது இன்னும் விழவில்லை.